ஒளியும் அணுக்கமும்: கிறிஸ்து பிறப்பு ஓவியங்களில் ஒளிமூலமும் தாயின் இருப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கிறிஸ்து பிறப்பைச் சித்திரிக்கும் ஐரோப்பிய ஓவியங்களில் ஒளி குழந்தையிடமிருந்தே வெளிப்படுவதாகக் காட்டும் மரபு பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வேர்கொண்டு பதினேழாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இவ்வோவியங்கள் தரும் அணுக்க உணர்வுக்கு இவ்வொளியே காரணம் என்பது பரவலான கருத்து. இக்கட்டுரை அதனை மறுக்கிறது. குழந்தையின் ஒளி மிகுந்த இடங்களில் தாயின் கை குழந்தையை விட்டு விலகியது என்பதையும், அக்கை மீண்டும் குழந்தையை அடைய ஓவியர்கள் ஒளியை மறைக்கவும் தணிக்கவும் வேண்டியிருந்தது என்பதையும் கேர்ட்கென், கொரேஜ்ஜோ, லா தூர், ரெம்பிராண்ட் ஆகியோரின் ஓவியங்கள்வழி விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: கிறிஸ்து பிறப்பு, ஒளிமூலம், அணுக்கம், பிரிஜித்தா, லா தூர், ரெம்பிராண்ட்

முன்னுரை

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இயேசுவின் பிறப்பு மிகச் சில சொற்களில் முடிந்துவிடுகிறது. தாய் தலைமகனை ஈன்றாள், துணிகளில் பொதிந்தாள், தீவனத்தொட்டியில் கிடத்தினாள். அவ்வளவே. ஒளி பற்றிய செய்தி அதனை அடுத்துத்தான் வருகிறது. அதுவும் தொழுவத்தில் அன்று. வயல்வெளியில், இரவில் கிடை காத்திருந்த இடையர்களைச் சுற்றி. குழந்தை ஒளிர்ந்தது என்று லூக்கா எழுதவில்லை. வாழ்த்து அட்டைகளின் வழியாக மட்டுமே இக்காட்சியை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்கலாம். நாம் ஓவியங்களில் காணும் ஒளி, வயலிலிருந்து தொழுவத்திற்குக் கொண்டுவரப்பட்ட ஒளி.

அதனைக் கொண்டுவந்தவர் யார் என்பதைக் கலை வரலாறு ஓரளவு தெளிவாகவே கூறியுள்ளது. அவ்வாறு கொண்டுவந்ததால் காட்சி எதனை இழந்தது என்ற வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. ஒளிரும் குழந்தையைச் சுற்றி முகங்கள் நெருங்கி நிற்பதைக் கண்டதும் திறனாய்வாளர் பலர் ‘அணுக்கம்’ என்ற சொல்லைக் கைக்கொண்டுவிடுகின்றனர். இருளில் ஒரு சிறு ஒளிவட்டம் இருந்தால் அதற்குள் இருப்பவர் அனைவரும் ஒருவருக்கொருவர் நெருக்கமானவராகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அணுக்கம் என்பது தோற்றம் மட்டுமன்று. யார் யாரைத் தொடுகிறார் என்பதும் அதில் அடங்கும். இவ்வோவியங்களில் தாயின் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாலே போதும், வழக்கமான கருத்து ஆட்டம் காணத் தொடங்கும்.

இரு மூல உரைகள்

இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருமறைத் தொகுப்பில் இடம்பெறாத யாக்கோபின் முதல் நற்செய்தி, பிறப்பை ஒரு குகையில் வைக்கிறது. யோசேப்பு மருத்துவச்சியை அழைத்து வருகிறார். குகையின்மீது மேகம் கவிந்திருக்கிறது. மேகம் அகன்றதும் கண்கள் தாங்கவியலாத பேரொளி எழுகிறது. பின்னர் அவ்வொளி சிறிது சிறிதாகப் பின்வாங்குகிறது. அது பின்வாங்கிய பிறகே குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்ததும் தாயின் முலையைப் பற்றுகிறது. இந்த வரிசை கருதத்தக்கது. ஒளி உள்ளவரை குழந்தையைக் காண இயலாது. ஒளி இறங்கியபின் முதலில் நிகழ்வது பாலுண்ணல்.

ஸ்வீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா 1372இல் பெத்லகேமில் கண்டதாகக் கூறிய காட்சி இதிலிருந்து வேறுபட்டது. 1373இல் உரோமையில் மறைந்த இவருடைய ‘வெளிப்பாடுகள்’ ஐரோப்பா முழுவதும் விரைவில் பரவின. அதில் யோசேப்பு ஏற்றிய மெழுகுதிரி ஒன்றைச் சுவரில் பொருத்திவிட்டு வெளியே செல்கிறார். மரியா முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டிருக்கும்போதே, கண்ணிமைக்கும் நேரத்தில், வலியின்றிப் பிறப்பு நிகழ்ந்துவிடுகிறது. ஆடையற்ற குழந்தை தரையில் கிடந்து ஒளிர்கிறது. அவ்வொளியின்முன் யோசேப்பின் திரியொளி இல்லாமற்போகிறது. தாய் தலை வணங்கிக் கைகூப்பி வழிபடுகிறாள்.

ஓவியர்கள் எடுத்துக்கொண்டது இதுவரையுள்ள பகுதியைத்தான். பிரிஜித்தாவின் உரை இங்கு முடியவில்லை. தரையின் கடினத்தாலும் குளிராலும் குழந்தை நடுங்கி அழுகிறது. கைகால்களை நீட்டித் தாயைத் தேடுகிறது. அவள் அதனை வாரியெடுத்து மார்போடும் கன்னத்தோடும் சேர்த்துச் சூடேற்றுகிறாள். ஒளிரும் குழந்தைக்கும் குளிரெடுக்கிறது! அந்த ஒளிக்கு வெம்மை இல்லை. பிரிஜித்தாவின் காட்சியில் மிக மானுடமான செய்தி இதுவே. அடுத்த ஒரு நூற்றாண்டின் ஓவியங்கள் பெரும்பாலும் இதனை விட்டுவிட்டன.

விட்டதன் விளைவை ஓர் ஒப்பீடு காட்டும். பதுவா நகர ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தில் ஏறத்தாழ 1305இல் ஜொத்தோ தீட்டிய சுவரோவியத்தில் மரியா படுக்கையில் ஒருக்களித்துச் சாய்ந்து, துணியில் பொதிந்த குழந்தையை நோக்கி இரு கைகளையும் நீட்டுகிறாள். சிறப்பொளி எதுவும் இல்லை, கை உண்டு. 1423இல் ஜென்திலே தா ஃபாப்ரியானோ தம் பீடப் படத்தின் அடிப்பலகையில் தீட்டிய சிறு இரவுக் காட்சியிலோ குழந்தை தரையில் கிடந்து ஒளிர்கிறது, மரியா முழந்தாளிட்டுக் கைகூப்பியிருக்கிறாள், யோசேப்பு உறங்குகிறார். விண்மீன்களோடு கூடிய இரவை இவ்வளவு நுட்பமாகத் தீட்டியதற்காக இப்படம் போற்றப்படுவது தகும். ஆனால் ஜொத்தோவின் நீட்டிய கைகள் இங்கே கூப்பிய கைகளாகிவிட்டன. பலிபீடத்தின்மேல் நிற்கும் படத்திற்கு வழிபடும் தாய் பொருத்தமானவள். குழந்தையைத் துடைத்துச் சூடேற்றும் தாய் அந்த அளவுக்குப் பொருந்தாள். தேர்வுக்குக் காரணம் அதுவாகலாம்.

கேர்ட்கென்: தொடாத ஒளி

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள ‘இரவில் கிறிஸ்து பிறப்பு’ ஓக் பலகையில் தீட்டப்பட்ட மிகச் சிறிய படம். உயரம் 34 செ.மீ., அகலம் சுமார் 25 செ.மீ. ஹார்லெம் நகரில் புனித யோவான் சபையாரோடு வாழ்ந்த கேர்ட்கென் தோட் சின்ட் யான்ஸ் இதனை ஏறத்தாழ 1490இல் வரைந்தார். அவர் இருபத்தெட்டு வயதளவில் இறந்தார் என்று காரெல் வான் மாண்டர் 1604இல் எழுதிய ஓவியர் வரலாறு குறிப்பிடுகிறது.

படத்தில் மூன்று ஒளிகள் உள்ளன. தொட்டியில் கிடக்கும் குழந்தை. பின்னணிக் குன்றின் மேல் வானில் தோன்றும் தூதர். அக்குன்றில் இடையர் மூட்டிய சிறு நெருப்பு. லூக்காவின் வயல்வெளி ஒளியைக் கேர்ட்கென் மறக்கவில்லை என்பதை இரண்டாவது காட்டுகிறது. மூன்றாவது ஒளி மிகச் சிறியது. ஆயினும் இம்மூன்றில் குளிர்காய உதவுவது அது ஒன்றே. குழந்தையின் ஒளி தொட்டியைச் சூழ்ந்த சிறு வானதூதர்களின் முகங்களையும் மரியாவின் முகத்தையும் கீழிருந்து மேலாகத் தழுவுகிறது. எருதும் கழுதையும் இருளிலிருந்து பாதி வெளிப்படுகின்றன. யோசேப்பு பெரும்பாலும் நிழலிலேயே நிற்கிறார்.

இப்படத்தின் அழகில் ஐயமில்லை. கையில் ஏந்திப் பார்க்கத்தக்க அளவே, பார்ப்பவரைப் படத்திற்கு அருகில் இழுத்துவிடுகிறது. எனினும் இந்த நெருக்கம் பார்ப்பவருக்கும் படத்திற்கும் இடையிலானது; தாய்க்கும் சேய்க்கும் இடையிலானது அன்று. மரியாவின் விரல்கள் ஒன்றையொன்று தொடுகின்றன, குழந்தையைத் தொடவில்லை. தொட்டியில் கிடக்கும் உடல் மெலிந்தது, ஆடையற்றது. அவள் முகத்தைத் தொடுவது ஒளி மட்டுமே. தொடுதலின் இடத்தில் ஒளியை அமர்த்தியதுதான் கேர்ட்கெனின் சாதனை. அவர் மரபின் எல்லையும் அதுவே.

கொரேஜ்ஜோ: கூசும் கண்

கொரேஜ்ஜோவின் ‘புனித இரவு’ இதற்கு நேர்மாறான அளவுடையது; இரண்டரை மீட்டர் உயரப் பீடப் படம். ரெஜ்ஜோ எமிலியாவில் உள்ள சான் புரோஸ்பெரோ ஆலயத்திற்காக அல்பெர்த்தோ பிரதொனேரி 1522இல் ஒப்பந்தம் செய்தார். 1530 அளவில் படம் நிறுவப்பட்டது. இன்று திரெஸ்டன் நகரில் உள்ளது.

இங்கே தாய் குழந்தையை இரு கைகளாலும் வளைத்துக்கொண்டிருக்கிறாள். நேர் கீழிருந்து எழும் ஒளி அவள் முகத்தைச் சிறிதும் துன்புறுத்தவில்லை, புன்முறுவலோடு குனிந்திருக்கிறாள். அருகில் நிற்கும் பெண்ணோ கூச்சம் தாளாமல் கையை உயர்த்தி முகத்தை மறைக்கிறாள். வசாரி முதலே இப்பெண் போற்றப்பட்டு வருகிறாள். ஒளியின் வலிமையை அளந்து காட்ட அவளைவிடச் சிறந்த கருவி இல்லை. கொரேஜ்ஜோ இவ்வகையில் பிரிஜித்தாவின் இரு பகுதிகளையும் ஒரே சட்டகத்தில் இணைக்க முயன்றார் எனலாம். பேரொளியும் உண்டு, அணைப்பும் உண்டு.

ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை தெளிவானது. தாய் ஒருத்திக்கு மட்டும் கண் கூசாது, மற்றவர்க்குக் கூசும். அணுக்கம் தாயின் தனியுரிமையாகிவிடுகிறது. இடையர்களும் பெண்களும் ஒளியின் விளிம்பில் நின்று வியக்கின்றனர். படத்தின் எதிரே நிற்கும் நாமும் அவர்களோடுதான் நிற்கிறோம்.

லா தூர்: மறைக்கும் கை

திஜோன் அருங்காட்சியகத்தில் உள்ள, ஃபிளெமால் ஓவியருக்கு (ராபர்ட் காம்பின்) உரியதாகக் கருதப்படும் பிறப்பு ஓவியத்தில் ஒரு விந்தை உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அப்படத்தில் யோசேப்பு எரியும் மெழுகுதிரியை ஒரு கையில் ஏந்தி மறு கையால் சுடரைக் காக்கிறார். பின்னணியில் கதிரவன் எழுந்துகொண்டிருக்கிறான். விடிந்தபின் திரி எதற்கு? அது பிரிஜித்தாவின் திரி. தோற்பதற்கென்றே கொண்டுவரப்பட்ட திரி. காக்கும் கையின் பணி அங்கே அடையாளம் சார்ந்தது மட்டுமே.

இரு நூற்றாண்டுகளுக்குப்பின் அந்தக் கைக்கு ஜோர்ஜ் த லா தூர் உண்மையான வேலை கொடுத்தார். 1593இல் லொரேன் பகுதியின் வீக் நகரில் பிறந்து 1652இல் லூனேவிலில் மறைந்த இவரைப் பிற்காலம் ஏறத்தாழ முற்றிலும் மறந்திருந்தது. 1915இல் ஹெர்மன் ஃபொஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நான்ந்த் நகரின் கையொப்பமிட்ட ஓவியங்களோடு ரென் நகர அருங்காட்சியகத்தில் வேறு பெயர்களில் வழங்கிவந்த ‘பிறந்த குழந்தை’ ஓவியத்தை இணைத்துக் காட்டினார். லா தூர் என்னும் ஓவியர் நமக்கு மீண்டும் கிடைத்தது அவ்வாறுதான்.

ரென் ஓவியம் 76 செ.மீ. உயரமும் 91 செ.மீ. அகலமும் கொண்டது. இரு பெண்கள், ஒரு குழந்தை, வேறெதுவும் இல்லை. வலப்புறம் சிவப்பு உடையணிந்த பெண் குழந்தையை மடியில் ஏந்திக் குனிந்து பார்க்கிறாள். வெண்துணியில் இறுகச் சுற்றப்பட்ட குழந்தை உறங்குகிறது. வாய் சற்றே திறந்திருக்கிறது. இடப்புறம் பக்கவாட்டில் தெரியும் பெண் ஒரு கையில் திரியை ஏந்தி, மறு கையை அதன்முன் உயர்த்தியிருக்கிறாள். சுடர் நமக்குத் தெரியாது. ஒளிவட்டம், வைக்கோல், எருது, கழுதை, வானதூதர் எதுவும் இல்லை.

இது கிறிஸ்து பிறப்பு ஓவியமா, ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு குழந்தை பிறந்ததைக் காட்டும் ஓவியமா என்ற விவாதம் நெடுநாளாக உண்டு. சமய அடையாளங்கள் அகற்றப்பட்டமையால் லா தூர் புனிதத்தை உலகியலாக்கினார் என்பர் ஒரு சாரார். வினாவே பிழையாக அமைந்துள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு. அடையாளங்களை எண்ணுவதைவிட ஒளி செல்லும் வழியைப் பின்தொடர்வது பயன்தரும். ஒளியின் மூலம் திரி. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. ஆனால் கை அதனை மறைப்பதால் நம் கண்ணுக்குத் தெரியும் பரப்புகளில் மிகுதியும் ஒளிர்வது குழந்தையைப் பொதிந்த வெண்துணியும் அதன் முகமும் ஆகின்றன. நாம் அறிவது திரியொளி என்று, காண்பது குழந்தையொளி. பிரிஜித்தாவின் உரையில் ஒன்றையொன்று அழித்த இரு ஒளிகள் இங்கே பகை தீர்ந்துவிட்டன. திரி தோற்கவில்லை. அதன் உழைப்பு முழுவதும் குழந்தையின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது.

உயர்த்திய அக்கையைப் பலர் ஆசி வழங்கும் கை என்பர். அது தவறன்று, உயர்த்திய உள்ளங்கைக்கு அந்த அழுத்தம் உண்டு. ஆயினும் முதன்மையான பொருள் எளியது. பேறு நடந்த அறைக்கு இரவில் விளக்கோடு செல்பவர் எவரும் விளக்கின்முன் கையை வைத்துக்கொண்டுதான் செல்வர். காற்றுக்குச் சுடர் அணையக்கூடாது. உறங்குபவர் கண்ணில் வெளிச்சம் படக்கூடாது. கொரேஜ்ஜோவின் பெண்ணும் கையை உயர்த்தினாள். தன் கண்ணைக் காத்துக்கொள்ள உயர்த்தினாள். லா தூரின் பெண் பிறர் பொருட்டு உயர்த்துகிறாள். இரண்டும் ஒரே அசைவு. அதன் திசை மாறியதும் அணுக்கம் என்பதன் பொருளும் மாறிவிடுகிறது. யாக்கோபின் முதல் நற்செய்தியில் ஒளி தானே பின்வாங்கிக் குழந்தையைக் காட்டியது. இங்கே ஒரு பெண்ணின் கை அதனைச் செய்கிறது. அவள் மருத்துவச்சியா, மரியாவின் தாய் அன்னாவா என்று உறுதிசெய்ய வேண்டிய தேவையில்லை. நூற்றாண்டுகளாகக் குழந்தையருகில் இருந்து விலக்கப்பட்டுவந்த உதவிக்கரம் திரும்பியிருக்கிறது என்பதே பொருட்படுத்தத்தக்கது.

இவ்வோவியம் குளிர்ந்தது, வடிவியல் ஒழுங்கில் உறைந்தது என்ற குறையும் கூறப்படுவதுண்டு. முகங்கள் முட்டை வடிவில் எளிமைப்படுத்தப்பட்டுள்ளன; தாய் புன்னகைக்கவில்லை. குறை கூறுவோர் உணர்ச்சியை முகத்தில் தேடுகின்றனர். இங்கு உணர்ச்சி முகத்தில் இல்லை; யார் எதைத் தாங்குகிறார் என்பதில் உள்ளது. ஒருத்தி குழந்தையைத் தாங்குகிறாள். மற்றவள் வெளிச்சத்தைத் தாங்குகிறாள். குழந்தையின் துணிச்சுற்று சவத்துணியை நினைவூட்டுகிறது என்ற விளக்கமும் வழக்கில் உண்டு. ஏற்கத்தக்கதே, ஆனால் அதனை முதலாவதாகச் சொல்வோர் அந்தத் திறந்த சிறு வாயைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. 1638இல் லூனேவில் எரிந்ததையும் லா தூர் தம் பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோரை இழந்ததையும் இப்படத்தில் வாசிப்போரும் உளர். அத்தகைய வாசிப்பு ஓவியரின் வாழ்வை விளக்கலாம். ஓவியத்தில் கை ஏன் அங்கே இருக்கிறது என்பதை விளக்காது.

லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள லா தூரின் ‘இடையர் வழிபாடு’ இவ்வளவு துணிவானது அன்று. அங்கே மரியா மரபுப்படி கைகூப்பியிருக்கிறாள். ஆட்டுக்குட்டி ஒன்று தொட்டியின் வைக்கோலைக் கவ்வுகிறது. திரியை ஏந்தி மறைப்பவர் யோசேப்பு. காம்பினின் யோசேப்பு திரும்பிவந்திருக்கிறார், இம்முறை உண்மையான இருளில்.

யோசேப்பு குறித்து ஒரு சொல்

இடைக்கால ஓவியங்களில் உறங்கியும் நிழலில் ஒதுங்கியும் கிடந்த யோசேப்பு பதினேழாம் நூற்றாண்டில் விளக்கேந்தியாக முன்வருவது தற்செயல் அன்று. அவிலாவின் தெரேசா தொடங்கி அவர்மீதான பக்தி வளர்ந்தது; 1621இல் பதினைந்தாம் கிரகோரி அவர் திருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் கடன்திருநாளாக்கினார். இதே பக்தி அலைதான் அடுத்த நூற்றாண்டில் இயேசு சபையினரான வீரமாமுனிவர் வழியாகத் தமிழுக்கும் வந்தது. 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி யோசேப்பைக் காப்பியத் தலைவராகக் கொண்டிருப்பதன் பின்புலத்தை ஆராய்வோர் அக்கால ஓவியங்களில் யோசேப்பு அடைந்த இடத்தையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். லா தூரின் ‘தச்சர் யோசேப்பு’ ஓவியத்தில் சிறுவன் இயேசு திரியை ஏந்தி நிற்க, அவன் விரல்கள் ஒளி ஊடுருவிச் செந்நிறமாகத் தெரிகின்றன. அங்கே விளக்கேந்துபவர் மாறிவிட்டார். ஒளியைப் பெறுபவர் உழைக்கும் முதியவர்.

ரெம்பிராண்ட்: திரையும் நெருப்பும்

புரட்டஸ்தாந்து நாடான ஹாலந்தில், பீடப் படங்களுக்கு இடமற்ற சூழலில், ரெம்பிராண்ட் 1646இல் இப்பொருளை இருமுறை வேறுவேறு வகையில் அணுகினார். ஆட்சியாளர் ஃபிரெடெரிக் ஹென்றிக்குக்காக வரைந்த ‘இடையர் வழிபாடு’ (இன்று மியூனிக்கில்) மரபைத் தழுவியது. கைவிளக்கு ஒன்று உண்டு. குழந்தையருகே பிறக்கும் ஒளியின்முன் அது மங்குகிறது. பிரிஜித்தாவின் திரிக்கு நேர்ந்ததே இந்த விளக்குக்கும் நேர்கிறது.

அதே ஆண்டின் ‘திரையுடன் கூடிய திருக்குடும்பம்’ (கஸ்ஸல்) பிறப்புக் காட்சி அன்று. பிறப்பிற்குப் பிந்தைய ஏதோ ஓர் இரவு. ஆயினும் நாம் தொடர்ந்துவந்த சிக்கல் அங்கேதான் முடிச்சவிழ்கிறது. படத்தைச் சுற்றி ஒரு சட்டகம் வண்ணத்தாலேயே தீட்டப்பட்டுள்ளது. அதன்முன் ஒரு கம்பியில் செந்நிறத் திரை தொங்குகிறது, அதுவும் வண்ணமே. அக்கால டச்சு வீடுகளில் விலைமிக்க படங்களைத் திரையிட்டுக் காக்கும் வழக்கம் இருந்தது. திரை ஒருபுறம் ஒதுக்கப்பட்டிருப்பதால் உள்ளே நடப்பது நமக்குத் தெரிகிறது. இது நமக்காக நடப்பதன்று என்பதும் உடன் தெரிகிறது. தாய் குழந்தையை மார்போடு அணைத்திருக்கிறாள். இருவரும் நம்மை நோக்கவில்லை. கொரேஜ்ஜோ நம்மை வியப்போர் வரிசையில் நிறுத்தினார். லா தூர் இருளில் உடன் அமர்த்தினார். ரெம்பிராண்டோ வாசலில் தயங்க வைக்கிறார். பிறருடைய அணுக்கத்தைக் காண்பவர் அங்கே இருக்கலாமா என்ற கூச்சத்தையும் படத்தின் பகுதியாக்கியது இவர் ஒருவரே.

இங்கே எவரும் ஒளிரவில்லை. தரையில் சிறிதாக எரியும் நெருப்பு ஒன்று உள்ளது. அதனருகே ஒரு கிண்ணம். கிண்ணத்தின்மேல் கண்வைத்த ஒரு பூனை. கேர்ட்கெனின் குன்றில் இடையர்க்குமட்டும் உரியதாயிருந்த நெருப்பு வீட்டிற்குள் வந்திருக்கிறது. பிரிஜித்தாவின் குழந்தை ஒளிக்கு நடுவே குளிரில் நடுங்கியது. இக்குழந்தைக்குக் குளிராது. வலப்புறம், திரையின் ஓரத்து இருளில், கண் பழகிய பிறகே தெரியும் தொலைவில், யோசேப்பு விறகு பிளந்துகொண்டிருக்கிறார்.